முகூர்த்த நாளில் திணறும் லைவ் சர்வர்: டாக்கருக்கு மாறலாமா?

குடியாத்தம்_ஸ்டூடியோ எழுதியது:

வணக்கம். குடியாத்தத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கொரோனா சமயத்தில் கல்யாண லைவ் செய்யத் தொடங்கி, இப்போது அதுவே பாதி வருமானம். குடியாத்தம், பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா பக்கம் மண்டபங்கள், அப்புறம் கோயில் திருவிழாக்கள். பொதுத் தளங்களில் போடலாமே என்று கேட்பீர்கள். மண்டபத்தில் இசைக்குழு சினிமாப் பாட்டு வாசித்தால் உரிமைப் பிரச்சினை வந்து சத்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். பெண் வீட்டாரும் ஊருக்கே தெரியாத தனி லிங்க்தான் கேட்கிறார்கள். அதனால் சொந்த சர்வர்.

இப்போதிருக்கும் ஏற்பாடு இதுதான். மண்டபத்தில் லேப்டாப், அதில் கேமரா படத்தை லைவாக அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள். அங்கிருந்து ஆர்டிஎம்பி என்ற வீடியோ அனுப்பும் முறை வழியாக வாடகை சர்வருக்கு அனுப்புகிறோம். மாதத்துக்கு இத்தனை டெராபைட் என்று கணக்கு, 1 ஜிகாபிட் போர்ட், உள்ளே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வர் மென்பொருள், அதோடு ஆர்டிஎம்பி மாட்யூல். ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளை ஓடவிட்டு மூன்று தரத்தில் எச்எல்எஸ் கோப்புகளாக (சில நொடி வீடியோ துண்டுகள், அவற்றின் பட்டியலான பிளேலிஸ்ட்) ஹார்டு டிஸ்கில் எழுதும். பழையதை கிரான் என்ற நேரப்படி ஓடும் வேலை அழிக்கும். எங்கள் வேர்ட்பிரஸ் தளமும் அதே சர்வரில்தான்.

பிரச்சினை மூன்று. ஒன்று, கூட்டம் ஏறினால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. வைகாசி 1, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று அம்மன் சிரசு ஊர்வலம் தரணம்பேட்டையில் கிளம்பும்போது நன்றாகத்தான் இருக்கும். கோபாலபுரம் போய்ச் சேர்ந்து சிரசை உடலில் பொருத்தும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் உள்ளே வருவார்கள், அப்போது படுத்துவிடும். இரண்டு, சர்வரில் ஏதாவது அப்டேட் ஆனால் எஃப்எஃப்எம்பெக் கிராஃபிக்ஸ் கார்டைக் கண்டுபிடிப்பதில்லை. மூன்று, இதே மாதிரி இரண்டாவது சர்வர் ஒன்று வேண்டும் என்று ஆள் வைத்துப் போட்டோம். எல்லாம் ஒன்றே என்றார்கள், ஆனால் ஒன்றில் ஓடும் ஸ்கிரிப்ட் மற்றதில் ஓடவில்லை.

அக்கா பையன் இன்ஜினியரிங் கடைசி வருடம். "மாமா, எல்லாத்தையும் டாக்கர்ல போட்டு குபெர்நெட்டிஸ்ல ஏத்திட்டா தீர்ந்துடும்" என்கிறான். மென்பொருளை அதற்கு வேண்டியதோடு சேர்த்து கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டுவது டாக்கராம், அப்படிப் பல பெட்டிகளைத் தானாக நிர்வகிப்பது குபெர்நெட்டிஸாம். அவன் சொல்வது சரியா? நாங்கள் இரண்டே பேர். எங்கிருந்து தொடங்குவது?

சத்துவாச்சாரி_வாசு எழுதியது:

பையன் சொல்வது சரிதான். குபெர்நெட்டிஸ் போட்டால் ஆட்கள் கூடும்போது தானாகவே பாட்கள் (கன்டெய்னர் ஓடும் அலகுகள்) கூடும். விழுந்தால் தானாக எழும். மேனேஜ்டு சர்வீஸ் எடுத்துக்கொண்டால் நீங்கள் ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. 2026-ல் யார் ஷெல் ஸ்கிரிப்டில் லைவ் ஓட்டுகிறார்கள்?

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

ஒரு ஓடிடி கம்பெனியில் லைவ் பக்கம் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் காட்பாடி. வாசு சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. முதலில் உங்கள் மூன்று பிரச்சினைகளும் ஒரே வகை இல்லை. ஒன்றாவதற்கு டாக்கர் ஒரு பைசா உதவி செய்யாது. மூன்றாவதுதான் கன்டெய்னர் முழுக்கத் தீர்க்கிற விஷயம், இரண்டாவதை ஓரளவுதான் தீர்க்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 720பி ஸ்ட்ரீம் 2.5 மெகாபிட் என்றால் 1 ஜிகாபிட் போர்ட்டில் அதிகபட்சம் 400 பேர். அதுவும் ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் அதற்கு முன்பே திணறும். சிரசு ஏறும் நேரத்தில் இரண்டாயிரம் பேர் வந்தால் 5 ஜிகாபிட் வேண்டும். அந்த ஒரே வாசலுக்குப் பின்னால் எத்தனை பாட் வைத்தாலும் வாசல் அதே அகலம்தான். இதற்கு மருந்து சிடிஎன், அதாவது கோப்புகளின் நகலைப் பல இடங்களில் வைத்துக் கொடுக்கும் சர்வர் வலை. எச்எல்எஸ் 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்தபோதே சாதாரண எச்டிடிபி கோப்புகளாக வெட்டித் தருகிற மாதிரிதான் வடிவமைத்தார்கள். படம் கேட்பதும் கோப்பு கேட்பதும் ஒன்று என்பதால் எந்த சிடிஎன்-னும் அதை கேஷ் செய்யும், அதாவது நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு துண்டை உங்கள் சர்வரிலிருந்து ஒரு தடவை எடுத்துக்கொண்டு ஆயிரம் பேருக்கு அதுவே கொடுக்கும்.

இதில் ஒரு இடம் மட்டும் கவனம். வீடியோ துண்டுகளுக்கு நீண்ட கேஷ் நேரம் கொடுங்கள், அவை மாறவே மாறாது. ஆனால் பிளேலிஸ்ட் கோப்பு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும், அதற்கு ஒன்று இரண்டு நொடிதான். இரண்டுக்கும் ஒரே நேரம் வைத்தால் பார்ப்பவருக்குப் படம் உறைந்து நிற்கும், உங்கள் சர்வரில் எல்லாம் பச்சையாகத் தெரியும். செலவையும் முன்கூட்டியே பாருங்கள்: 2.5 மெகாபிட்டில் ஒருவர் ஒரு மணி நேரம் பார்த்தால் 1.1 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் பேர் நாலு மணி நேரம் என்றால் 4.5 டெராபைட். கோயில் கமிட்டியிடம் பேசும்போது இந்தக் கணக்கோடு பேசுங்கள். வேர்ட்பிரஸ்ஸை அந்த சர்வரிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள், அதற்கு டாக்கர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இனி கன்டெய்னர். நீங்கள் இப்போது ஒரே ஸ்கிரிப்டில் நாலு வேலையைக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்: ஸ்ட்ரீமை வாங்குவது, தரம் மாற்றுவது, துண்டு போட்டு வைப்பது, பதிவு செய்வது. இவற்றைப் பிரிப்பதுதான் உண்மையான வேலை. பிரிக்காமல் அப்படியே தூக்கி ஒரு கன்டெய்னருக்குள் போட்டால், பழைய வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஒரே அட்டைப்பெட்டியில் திணித்துப் புது வீட்டில் வைத்த மாதிரிதான். நாலு கன்டெய்னர், அவற்றைச் சேர்த்து எழுப்பும் ஒரு டாக்கர் கம்போஸ் கோப்பு, அது கிட் (Git) என்ற பதிப்புக் காப்பகத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது சர்வர் வேண்டுமா? கிட்டிலிருந்து எடுத்து ஒரே கட்டளை. "எல்லாம் ஒன்றே" என்று யாரும் வாயால் சொல்ல வேண்டாம்.

எஃப்எஃப்எம்பெக் இமேஜுக்கு (கன்டெய்னர் உருவாகும் மூலப் பொதி) பதிப்பு எண் போட்டுப் பூட்டுங்கள். "லேட்டஸ்ட்" என்ற டேக் மட்டும் வேண்டவே வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் பலர் ஏமாறும் இடம்: டிரைவர் கன்டெய்னருக்குள் வராது, ஹோஸ்ட் மெஷினில், அதாவது சர்வரிலேயேதான் இருக்கும். என்விடியா கன்டெய்னர் டூல்கிட் அதை உள்ளே காட்டும். ஆகவே ஹோஸ்டில் தானியங்கி அப்டேட் டிரைவரை மாற்றிவிட்டு ரீபூட் ஆகாமல் இருந்தால், டிரைவரும் லைப்ரரியும் பொருந்தவில்லை என்று அடம்பிடிக்கும். உங்கள் இரண்டாம் பிரச்சினை அநேகமாக இதுதான். டிரைவர் பேக்கேஜைத் தானாக அப்டேட் ஆகாதபடி ஹோல்டில் வையுங்கள். உங்களுடையது ஜிஃபோர்ஸ் வகைக் கார்டு என்றால் ஒரே நேரத்தில் எத்தனை என்கோடிங் ஓடலாம் என்பதற்கு டிரைவரே வரம்பு வைத்திருக்கும். இப்போதுள்ள மூன்று தரம், இரண்டு மண்டபம் என்றால் ஆறு, கீழே சொல்லும் நாலு தரம் என்றால் எட்டு. முகூர்த்த நாளுக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

அடுத்தது பதிவு. எம்பி4-ல் நேரடியாகப் பதிவு செய்கிறீர்களா? அந்தக் கோப்பின் அட்டவணை சாதாரணமாகக் கடைசியில்தான் எழுதப்படும். டாக்கரில் கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் முதலில் மரியாதையாக ஒரு சிக்னல் அனுப்பும், 10 நொடி பொறுக்கும், அப்புறம் கொன்றுவிடும். எஃப்எஃப்எம்பெக்கை ஷெல் ஸ்கிரிப்டுக்குள் வைத்து ஓட்டினால் அந்த சிக்னல் ஷெல்லுக்குப் போகும், ஷெல் அதைக் கீழே தள்ளாது. பத்து நொடி முடிந்ததும் கதை முடிந்தது. தாலி கட்டிய காட்சி முழுவதும் டிஸ்கில் இருக்கும், திறக்க மட்டும் முடியாது. இரண்டு காரியம் செய்யுங்கள்: ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எக்ஸெக் போட்டு எஃப்எஃப்எம்பெக்கையே முதல் பிராசஸ் ஆக்குங்கள். பதிவை, பாதியில் நின்றாலும் திறக்கக்கூடிய எம்கேவி அல்லது டிஎஸ் வடிவில் எடுத்து, நிகழ்ச்சி முடிந்ததும் எம்பி4-க்கு மாற்றுங்கள். மறு என்கோடிங் தேவையில்லை, ஒரு நிமிட வேலை.

எச்எல்எஸ் துண்டுகளை ஹார்டு டிஸ்கில் எழுத வேண்டாம், டெம்ப்எஃப்எஸ் போட்டு ரேமில் வையுங்கள். 1080பி 4.5, 720பி 2.5, 480பி 1.2, 240பி 0.4 என்று நாலு தரம் வைத்தால் மொத்தம் 8.6 மெகாபிட், பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 650 எம்பி. அவ்வளவுதான். பழையதை அழிக்கும் வேலையை எஃப்எஃப்எம்பெக்கே பார்க்கும், கிரான் தேவையில்லை. துண்டு 6 நொடி, கீஃபிரேம் (முழுப் படமாக வரும் ஃபிரேம், வெட்டு அதில்தான் விழும்) 2 நொடிக்கு ஒன்று. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 50-க்கு ஒரு கீஃபிரேம். காட்சி மாறும்போது தானாகக் கீஃபிரேம் போடுவதை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நாலு தரமும் வெவ்வேறு இடத்தில் வெட்டுப்படும், நெட் குறைந்து தரம் மாறும்போது படம் துள்ளும்.

டாக்கர் லாக் கோப்புக்கு அளவு வரம்பு நீங்களாகத்தான் வைக்க வேண்டும், இயல்பில் கிடையாது. எஃப்எஃப்எம்பெக் பேசிக்கொண்டே இருக்கும் ஆசாமி. டிஸ்க் நிறைந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

சிபியு வரம்பு பற்றி ஒரு வார்த்தை. நேர அளவு கொடுத்து வரம்பு வைத்தால் எஃப்எஃப்எம்பெக்குக்கு அது தெரியாது. மெஷினில் உள்ள எல்லாக் கோர்களுக்கும் சேர்த்து திரெட் தொடங்கி, பிறகு விட்டுவிட்டு நிறுத்தப்படும். அதற்குப் பதிலாக இன்னின்ன கோர் இந்த கன்டெய்னருக்கு என்று எண் போட்டு ஒதுக்குங்கள்.

வாசு, குபெர்நெட்டிஸ் பற்றி: லைவ் என்பது ஒரு இணைப்பு, நாலு மணி நேரம் அறுபடாமல் ஓட வேண்டும். வெப்சைட் பாட் போல நினைத்த நேரத்தில் கொன்று இன்னொன்று எழுப்புவதற்கு இது இடம் கொடுக்காது. பாடை நிறுத்தும்போது அது இயல்பாகக் கொடுக்கும் அவகாசம் 30 நொடி. மாங்கல்யதாரணம் முடிய 30 நொடி போதுமா?

சத்துவாச்சாரி_வாசு எழுதியது:

அவகாசத்தைக் கூட்டிக்கொள்ளலாமே, அது ஒரு வரிதான். நான் சொல்ல வந்தது வேறு. வைகாசி முகூர்த்தத்தில் ஒரே காலையில் பத்து மண்டபம் வந்தால் என்ன செய்வார்? அடுத்த நாள் ஒன்றுமே இல்லை. அதற்குத்தானே ஆட்டோ ஸ்கேலிங்?

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

நல்ல கேள்வி. ஆட்டோ ஸ்கேலிங் எதற்கு? எப்போது கூட்டம் வரும் என்று தெரியாதவர்களுக்கு. இவருக்கோ கூட்டம் வரும் நாள் பஞ்சாங்கத்திலேயே அச்சடித்து வந்துவிடுகிறது, அட்வான்ஸும் வாங்கிவிடுகிறார்! ஒரு மண்டபத்துக்கு ஒரு கம்போஸ் தொகுப்பு என்று அச்சு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீம் கீ, லிங்க், தேதி மட்டும் மாறும். மெஷின்களைத் தானாக அமைக்கும் டெராஃபார்ம் அல்லது ஆன்சிபிளில் ஒரு கோப்பு. முதல் நாள் மாலை தேவையான எண்ணிக்கையில் மணிக்கணக்கு வாடகை மெஷின்களை எழுப்புங்கள், மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் அணைத்துவிடுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்ற மண்டபம் விழாது. தினமும் இருபது முப்பது நிகழ்ச்சி, நாலைந்து ஊரில் ஆள் என்று வளர்ந்தால் அப்போது கே3எஸ் என்ற எளிய குபெர்நெட்டிஸ் பக்கம் போகலாம். இரண்டு பேர் இருக்கும் கடையில் குபெர்நெட்டிஸ் வைத்தால் மூன்றாவது ஆள் அதற்கே வேண்டும்.

அக்கா பையனுக்கு உண்மையாகவே வேலை கொடுக்க நினைத்தால் இதைக் கொடுங்கள்: கிட்டில் ஒரு மாற்றம் போட்டால் இமேஜ் தானாகக் கட்டப்பட வேண்டும். அந்த இமேஜை ஓடவிட்டு, அதற்கு எஃப்எஃப்எம்பெக்கின் சோதனை வீடியோவை இரண்டு நிமிடம் அனுப்ப வேண்டும். பிளேலிஸ்ட் நகர்கிறதா, நாலு தரத்திலும் துண்டு வருகிறதா, பதிவுக் கோப்பு திறக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்த்து, எல்லாம் சரியென்றால்தான் "இந்தப் பதிப்பு ஓகே" என்று குறிக்க வேண்டும். டெவ்ஆப்ஸ் என்று பெரிய பெயரில் சொல்வதில் உங்களுக்குத் தேவையான பகுதி இவ்வளவுதான். நிகழ்ச்சி நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் யாரும் எதையும் மாற்றக்கூடாது, அவன் எவ்வளவு கெஞ்சினாலும்.

கண்காணிப்புக்கு புரோமீதியஸ், கிராஃபானா போதும். ஆனால் சிபியு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பிளேலிஸ்ட் கடைசியாக மாறி எத்தனை நொடி ஆயிற்று, எஃப்எஃப்எம்பெக் காட்டும் வேகம் 1-க்குக் கீழே இறங்கி லைவுக்குப் பின்தங்குகிறதா, இந்த இரண்டுக்கும் போனில் மணி அடித்தால் போதும்.

குடியாத்தம்_ஸ்டூடியோ எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. பாதி புரிந்தது, மீதியைப் பையனிடம் படிக்கக் கொடுத்திருக்கிறேன். எம்பி4 விஷயம் மட்டும் படித்ததுமே புரிந்தது, அப்படிப்பட்ட கோப்பு ஒன்று என்னிடம் இன்னும் கிடக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. சர்வர் சரியானாலும் திருவிழாத் தெருவிலிருந்து அனுப்புவதே பெரும்பாடு. அத்தனை பேர் கையிலும் போன், 4ஜி இருக்கிறது என்று காட்டும், ஒன்றும் போகாது. இரண்டாவது, கம்மவான்பேட்டை பக்கம் கல்யாணம் என்றால் பார்ப்பவர்களில் பாதிப் பேர் ராணுவத்தில் இருப்பவர்கள். எல்லையில் எங்கேயோ உட்கார்ந்து தங்கை கல்யாணத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு 480பி கூட ஓடாது.

ஆம்பூர்_ஃபைபர் எழுதியது:

உள்ளே வரலாமா? கேபிள், இன்டர்நெட் தொழில் எனக்கு. தெருவிலிருந்து அனுப்பும் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ஆர்டிஎம்பி-யை விட்டு எஸ்ஆர்டி என்ற அனுப்பும் முறைக்கு மாறுங்கள். ஓபிஎஸ்ஸிலேயே இருக்கிறது. ஆர்டிஎம்பி டிசிபி மேல் ஓடுவது. ஒரு பாக்கெட் தொலைந்தால் அது வரும்வரை பின்னால் உள்ள எல்லாம் வரிசையில் நிற்கும். எஸ்ஆர்டி யுடிபி மேல் ஓடும், தொலைந்ததை மட்டும் திரும்பக் கேட்கும், குறிப்பிட்ட நேரத்துக்குள் வரவில்லை என்றால் விட்டுவிட்டு மேலே போகும். அந்த நேரம் இயல்பில் 120 மில்லி செகண்ட். திருவிழாவுக்கு அது போதவே போதாது, 2000 வையுங்கள். எச்எல்எஸ்ஸில் எப்படியும் இருபது நொடி தாமதம் இருக்கும், கூட இரண்டு நொடி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஓபிஎஸ்ஸில் இந்த எண்ணை மைக்ரோ செகண்டில் கேட்கும், அதனால் 2000000 என்று போட வேண்டும். டாக்கரில் போர்ட் திறக்கும்போது யுடிபி என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் டிசிபி என்றே எடுத்துக்கொள்ளும், அப்புறம் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அதைவிட முக்கியம், சிம்மை நம்பாதீர்கள். ஒரே டவரில் அத்தனை பேரும் தொங்கினால் இரண்டு கம்பெனி சிம் போட்டாலும் இரண்டும் படுக்கும். ஊர்வலம் போகும் தெருவில் ஏதாவது ஒரு கேபிள்காரர் ஃபைபர் கட்டாயம் இருக்கும். ஒரு வாரம் முன்னால் போய் மாடியில் ஒரு தற்காலிக இணைப்பு கேளுங்கள். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்யு பெட்டியும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் போதும். கரண்ட் போனால் உங்கள் லேப்டாப் பேட்டரியில் ஓடும், கேபிள்காரர் பக்கத்துப் பெட்டி ஓடுமா? அதையும் கேட்டு வையுங்கள். கேமரா நடந்துகொண்டிருக்கும், ஆனால் சிரசு பொருத்தும் இடம் நிலையான இடம்தானே. அங்கே மட்டுமாவது கம்பி இருக்கட்டும்.

சிரசுத் திருவிழா வைகாசி 1 என்றால் அக்னி நட்சத்திரம் நடுவில். நம்ம வேலூர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே லேப்டாப்பை வைத்தால் சூடு தாங்காமல் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், என்கோடிங் தடுமாறும். நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ரௌட்டரைத் தட்டுவார்கள். கீழே ஃபேன் வையுங்கள், லேப்டாப்பில் 1080பி ஒரே தரம் மட்டும் அனுப்புங்கள். தரம் பிரிப்பது சர்வர் வேலை.

ராணுவக்காரர்களுக்குக் கடைசியில் ஒலி மட்டும் உள்ள ஒரு தரத்தையும் சேருங்கள், 64 கிலோபிட் ஏஏசி. நெட் அடியோடு குறைந்தால் பிளேயர் அதற்குத் தாவும், நாதஸ்வரமும் ஐயர் மந்திரமுமாவது கேட்கும். சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல். 240பி-யை 15 ஃபிரேமில் கொடுத்துப் பாருங்கள், முகம் தெளிவாகத் தெரியும். கீஃபிரேம் மட்டும் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் விழ வேண்டும், 15 என்றால் 30-க்கு ஒன்று.

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

அண்ணன் சொன்ன எஸ்ஆர்டி-க்கு உங்கள் என்ஜின்எக்ஸ் மாட்யூல் ஆகாது, அது ஆர்டிஎம்பி மட்டும்தான். ஸ்ட்ரீமை வாங்கும் கன்டெய்னரில் மீடியாஎம்டிஎக்ஸ் அல்லது எஸ்ஆர்எஸ் போடுங்கள். இரண்டும் திறந்த மூல மென்பொருள், இரண்டுமே ஆர்டிஎம்பி-யும் வாங்கும், எஸ்ஆர்டி-யும் வாங்கும். பழைய லேப்டாப் பழைய வழியில் வரட்டும், புதியது புதிய வழியில் வரட்டும்.

குடியாத்தம்_ஸ்டூடியோ எழுதியது:

சரிங்க. ஆடியில் கல்யாணம் கிடையாது, அப்போது மாற்றலாம் என்று நினைக்கிறேன். ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் ஒரு முருகன் கோயில் லைவ் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பா பின்பா? லேப்டாப்பில் எல்லாம் சர்வர் ஐபி எண்ணே நேரடியாகப் போட்டிருக்கிறது, அதையும் மாற்ற வேண்டுமா?

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

சிடிஎன்-னும் வேர்ட்பிரஸ் பிரிப்பதும் கிருத்திகைக்கு முன்பே, ஆனி முடிவதற்குள். அந்தக் கூட்டத்தில் சிடிஎன் சோதனையும் ஆகிவிடும். கன்டெய்னர் மாற்றம் கிருத்திகைக்குப் பின், ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் மிச்சம் வைத்து.

ஐபி எண்ணை இப்போதே எடுத்துவிட்டு ஒரு டொமைன் பெயர் போடுங்கள், பழைய சர்வரையே அது காட்டட்டும். மாற்றும் நாளுக்கு முந்தைய நாள் டிஎன்எஸ் டிடிஎல்-ஐ (பெயருக்கான ஐபி எண்ணை மற்ற இடங்களில் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்கு இறக்கிவிட்டு, மாற்றும் நாளில் பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்புங்கள். ஓபிஎஸ்ஸை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் புது இடத்துக்குப் போய்விடும். பழைய சர்வர் வாடகையை ஒரு மாதம் நிறுத்தாதீர்கள்.